ஒளிப்படத்தில் கருமையும் வெண்மையும்

கணிப்பொறித் திரையிலே மிக அழகாகத் தோன்றும் ஒளிப்படம், தாளில் அச்சாகி வெளிவரும்போது இருண்டும் சோபையிழந்தும் போய்விடுவதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அச்சுப்பொறியின்மீது குறை சொல்வது நம் வழக்கம். மையின்மீது குறை காண்பாரும் உண்டு. பெரும்பாலும் குறை இவ்விரண்டிலும் இல்லை. திரை தானே ஒளி வீசும் பொருள். தாளோ தன்மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருவதன்றி வேறொன்றும் அறியாதது. நல்ல வெள்ளைத் தாள், விழும் ஒளியில் 100-க்கு 90 பங்கைத் திருப்பித் தரும். பளபளப்பில்லாத தாளில் படிந்த மிகக் கரிய மையும்கூட 100-க்கு 2 அல்லது 3 பங்கைத் திருப்பிவிடுகிறது. ஆகவே அத்தாளின் வெண்மை அதன் கருமையைப்போல் ஏறத்தாழ 30 முதல் 45 மடங்குதான். பளபளப்பான தாளில் இது 100 மடங்கைத் தாண்டும். சாதாரணக் கணிப்பொறித் திரையிலோ 1000 மடங்கு வரை இருக்கும். ஆயிரம் படி நெல்லை நாற்பது படி கொள்ளும் குதிரிலே கொட்ட முயல்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை யாரேனும் தீர்மானித்தே ஆகவேண்டும். நாம் தீர்மானிக்காவிட்டால் இயந்திரம் தீர்மானித்துவிடும்.

வெண்மைக்கும் கருமைக்கும் இடையே உள்ள படிகளைச் சாயல்கள் என்று கூறுவோம். ஒரு சாயலுக்கும் மற்றொரு சாயலுக்கும் உள்ள இடைவெளியே மாறுபாடு. ஒளிப்படக்காரர்கள் இதைக் ‘காண்ட்ராஸ்ட்’ என்பார்கள். கணிப்பொறி இச்சாயல்களை எண்களாக வைத்திருக்கிறது. முழுக் கருமைக்கு 0, முழு வெண்மைக்கு 255; ஆக 256 படிகள். படத்திருத்தச் செயலிகளில் காணப்படும் பலவகைக் கருவிகளும் இந்தப் படிகளை இடம் மாற்றி வைப்பவையே. படிகளின் தொகையை எந்தக் கருவியாலும் பெருக்க இயலாது. ஓரிடத்தில் மாறுபாட்டைக் கூட்டினால், வேறோரிடத்தில் அது குறைந்தே தீரும். இந்த ஒரு கணக்கை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பழனி மலைத் தொடரிலே, கொடைக்கானலை அடுத்துள்ள சிற்றூர் பள்ளங்கி. சரிவெல்லாம் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள். உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளையும் மண். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கக்கூடும். அங்கே ஒரு காலை வேளையில், வீட்டு வாயிலில் அமர்ந்து பூண்டைத் தாளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் படம் எடுத்தேன். அவருக்குப் பின்னே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்பனி மூடியிருந்தது. மடியிலே வெள்ளைப் பூண்டு. முதுகுக்குப் பின்னே வெள்ளைப் பனி. நடுவே வெயிலிலும் குளிரிலும் எண்பது ஆண்டுகள் உழைத்துக் கறுத்த முகம். வீட்டில் மாட்டிவைக்க அந்தப் படம் வேண்டுமென்று அவருடைய பேரன் கேட்டார். கேட்டவர் ஒரு நிபந்தனையும் விதித்தார்: “வெளுப்பா ஆக்கிடாதீங்க சார். முன்னாடி ஒரு கல்யாணத்துல எடுத்த படத்துல யாரோ மாதிரி இருந்தாங்க. எங்க அப்பத்தா மாதிரியே இருக்கணும். ஆனா மூஞ்சி தெளிவாத் தெரியணும்.”

வெளுப்பு வேறு, தெளிவு வேறு என்பதை இவ்வளவு சுருக்கமாக நான் எந்த நூலிலும் படித்ததில்லை. முகத்தின் எல்லாச் சாயல்களையும் ஒருசேர மேலே தூக்கினால் வெளுப்பு உண்டாகும். முகத்திற்குள்ளேயே உள்ள சாயல்களின் இடைவெளியை அகலப்படுத்தினால் தெளிவு உண்டாகும். நம் ஊர்களில் எடுக்கப்படும் படங்களில் இவ்விரண்டும் ஓயாமல் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. கரிய முகங்களை வெளுக்க வைப்பது அழகு செய்வதாக எண்ணப்படுகிறது. எனக்கு அது ஒருவகை அழித்தெழுதலாகவே படுகிறது.

படத்தைத் திறந்து அதன் சாயல் வரைபடத்தைப் பார்த்தேன். ‘ஹிஸ்டோகிராம்’ எனப்படும் இவ்வரைபடம், எந்தச் சாயலில் படத்தின் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை மேடுபள்ளமாகக் காட்டும். பனி 200-க்கும் 240-க்கும் இடையே பெரிய மேடாக நின்றது. முகம் 40-லிருந்து 85 வரை, ஆக 45 படிகளுக்குள் அடங்கியிருந்தது. மண்சுவரும் தோட்டச் சரிவும் இரண்டிற்கும் நடுவே பரவியிருந்தன. மிகக் கருமையான இடம் 22.

முதலாவதாக, இரு முனைகளையும் இழுக்கும் முறையைச் செய்து பார்த்தேன். செயலிகளில் இதற்கு ‘லெவல்ஸ்’ என்று பெயர். ‘தானியங்கித் திருத்தம்’ என்ற பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலும் நடப்பது இதுவே. 22 என்பதை 0 ஆக்குகிறோம். 240 என்பதை 255 ஆக்குகிறோம். இடைப்பட்டவை விகிதப்படி விரிகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள். முகத்தின் 40 என்பது 21 ஆகிறது. 85 என்பது 74 ஆகிறது. 45 படிகள் 53 படிகளாக விரிந்தது உண்மையே. ஆனால் முகம் முழுவதும் இருளை நோக்கி இறங்கிவிட்டது. திரையில் இது குத்தவில்லை. தாளில் அச்சிட்டபோது கண்ணைச் சுற்றியிருந்த குழிகளும் தாடையின் ஓரமும் ஒரே கருமையாகக் கலந்துவிட்டன. மூடுபனிக் காட்சி மாறுபாடு குறைந்தது. ஆதலால் அதை இழுத்துவிட வேண்டும் என்பதே இயந்திரத்தின் தீர்ப்பு. அங்கே ஒரு முகம் இருப்பதை அது அறியாது.

இரண்டாவது முறை வளைவு. ‘கர்வ்ஸ்’ என்ற இக்கருவியில், பழைய சாயல் எந்தப் புதிய சாயலாக வேண்டும் என்பதை ஒரு கோட்டால் நாமே வரைந்து காட்டுகிறோம். கோடு செங்குத்தாக ஏறும் இடத்தில் மாறுபாடு மிகும். சாய்ந்து படுக்கும் இடத்தில் குறையும். வளைவுகளில் பலரும் விரும்புவது, ஆங்கில எழுத்தாகிய ‘எஸ்’ வடிவம். நடுச் சாயல்களை அது விரிக்கும். இரு ஓரங்களையும் ஒடுக்கும். வெயிலில் எடுத்த படங்கள் பலவற்றுக்கு இது நன்றாகவே பொருந்தும். பள்ளங்கிப் படத்திலோ நடுவில் இருப்பது மண்சுவர்! முகம் வளைவின் அடிவாரத்தில் அகப்பட்டுக்கொண்டது. 40 என்பது 26 ஆகவும் 85 என்பது 64 ஆகவும் இறங்க, 45 படிகளாயிருந்த முகம் 38 படிகளாய்ச் சுருங்கியது. சுவரின் வெடிப்புகள் மட்டும் அற்புதமாகத் தெரிந்தன.

எனவே வளைவை நானே வேறுவிதமாக வரைந்தேன். 40-ஐ 58-க்கும், 85-ஐ 126-க்கும் ஏற்றினேன். பனியின் பகுதியைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டேன். முகத்துக்கு இப்போது 68 படிகள். சுவருக்கும் சரிவுக்கும் முன்பு 115 படிகள் இருந்தன. அவை 80 ஆகக் குறைந்தன. சுவர் சற்றே தட்டையாயிற்று. கொடுத்தது எங்கே, எடுத்தது எங்கே என்பது தெளிவாகத் தெரிகிற கணக்கு இது. முகம் 85-க்கு மேல் ஏறியிருக்கிறதே, இது வெளுப்பு ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தாளில் இருண்ட சாயல்கள் ஓரளவு தாமாகவே அமிழ்ந்துபோகும். அந்த இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கே ஏற்ற வேண்டும். அச்சையும் ஆளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அளவு மீறியதா என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது முறை, இட மாறுபாடு. ‘கிளாரிட்டி’ என்ற பெயரில் இதைப் பல செயலிகளில் காணலாம். ஒவ்வொரு புள்ளியையும் அதைச் சூழ்ந்த இடத்தின் சராசரிச் சாயலோடு ஒப்பிட்டு, அதைவிட ஒளி மிக்கதாயின் இன்னும் சற்று ஏற்றுவது. குறைந்ததாயின் இன்னும் சற்று இறக்குவது. கணிப்பொறிக்கு முற்பட்ட காலத்தில், நெகடிவிலிருந்து மங்கலான பாசிடிவ் ஒன்றைச் செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அச்சிட்டு இருட்டறையிலேயே இந்த விளைவைப் பெற்றார்கள். தெளிவைக் கூட்டும் கருவிக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’, அதாவது மங்கல் மறைப்பு என்ற விசித்திரமான பெயர் வந்ததும் அதனாலேதான். பூண்டின் தோலும் காய்ந்த தாளும் இம்முறையில் தொட்டுப் பார்க்கலாம்போல் எழுந்து நின்றன. ஆனால் மூதாட்டியின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் உளியால் வெட்டியதுபோல் ஆழ்ந்துவிட்டன. பத்து வயது கூடிவிட்டது. தலையைச் சுற்றி, பனியை ஒட்டிய ஓரத்தில், சாமி படங்களில் உள்ள ஒளிவட்டம்போல ஒரு வெள்ளைக் கோடும் தோன்றியது. ஆகவே இக்கருவியைக் கைகளுக்கும் பூண்டுக்கும் மட்டும், அதுவும் சிறிதளவே பயன்படுத்தினேன்.

பனியைப் பற்றியும் ஒரு சொல். காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, தொலைவிலுள்ள பொருள்களின்மேல் ஒரு வெண்மையைப் பூசுகின்றன. தொலைவு கூடக்கூட இப்பூச்சும் கூடும். அடுத்த மேடு கருநீலம், அதற்கடுத்தது சாம்பல், அதற்கும் அப்பால் உள்ளது வானோடு வானாகக் கரைந்தது என்று நாம் காண்பது இதனால்தான். எது அருகில், எது தொலைவில் என்பதைக் கண் அறிய இது பெரிதும் உதவுகிறது. பனியை நீக்கும் கருவியும் இக்காலச் செயலிகளில் உண்டு. அதை முடுக்கினால் பின்னாலிருந்த மலை முற்றத்துக்கே வந்துவிடுகிறது! ஆழம் போய்விட்டால் பள்ளங்கி ஏது?

இந்தச் சிக்கல்கள் கணிப்பொறியோடு பிறந்தவை அல்ல. 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம் எடுத்த லின்னியஸ் டிரைப், சென்னை மாகாண அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராயிருந்தவர். அவர் பயன்படுத்திய மெழுகிட்ட காகித நெகடிவ் நீல ஒளியையே மிகுதியாக உணரும். அதனால் நீல வானம் அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். டிரைப் சில நெகடிவ்களின்மேல் தூரிகையால் வண்ணம் தீட்டி, வானத்துக்கு மேகங்களை வரவழைத்தார். பின்னாளில், ஒளிக்கும் தகட்டில் உண்டாகும் கருமைக்கும் உள்ள உறவை வளைவாக வரைந்து 1890-இல் வெளியிட்டார்கள் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர். நாம் செயலியில் வரையும் வளைவுக்கு மூதாதை அது. நம் ஊர் ஸ்டூடியோக்களிலோ ‘சாஃப்ட்’, ‘நார்மல்’, ‘ஹார்டு’ என்று தரம் பிரித்த புரோமைடு தாள்கள் இருந்தன. தட்டையான நெகடிவுக்கு ஹார்டு, முரட்டு நெகடிவுக்கு சாஃப்ட். 1960-இல் நிறுவப்பெற்று 1967-இல் உற்பத்தி தொடங்கிய உதகமண்டலத்து இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை, ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் தாளும் செய்தது. இன்று அத்தொழிற்சாலை இயங்கவில்லை.

பள்ளங்கியிலிருந்து கொடைக்கானலுக்கு வந்தால், இதே கணக்கு வேறொரு காரியத்துக்காக நடப்பதைக் காணலாம். 1899-இல் பணி தொடங்கிய அங்குள்ள சூரிய ஆய்வுக்கூடம், 1904 முதல் சூரியனைத் தொடர்ந்து படம் பிடித்துவந்திருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்கேதான். பழைய தகடுகளும் ஃபிலிம்களும் இப்போது கணிப்பொறிப் படங்களாக மாற்றப்பட்டுள்ளன. 256 படிகள் போதா என்று 65,536 படிகளில் அவற்றைப் பதிந்திருக்கிறார்கள். சூரிய வட்டத்தின் நடுப்பகுதி ஒளி மிக்கது, ஓரம் மங்கலானது. ஓரத்திலுள்ள புள்ளியை நடுவிலுள்ள புள்ளியோடு ஒப்பிட வேண்டுமானால், இந்த மங்கலைக் கணக்கிட்டு நீக்கியாக வேண்டும். அழகுக்காக எவரும் அங்கே வளைவை அசைப்பதில்லை. மூலப் பதிவு தனியே இருக்கும். திருத்தியது தனியே இருக்கும். இந்த ஒழுக்கத்தை நாமும் கைக்கொள்ளலாம். கேமராவின் மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலிலே திருத்துங்கள்.

இனி உங்கள் கைப்பழக்கத்துக்கு ஒரு சோதனை. 0, 5, 10 என்று தொடங்கி 60 வரை சாயல் கட்டங்களை வரிசையாக வரைந்து, நீங்கள் பயன்படுத்தும் தாளிலேயே அச்சிடுங்கள். எந்தக் கட்டத்திலிருந்து அடுத்தடுத்த கருமைகள் வேறு வேறாகத் தெரிகின்றன என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். என் பளபளப்பில்லாத தாளில் 20-க்குக் கீழ் உள்ளவை எல்லாம் ஒன்றாகவே தெரிந்தன. ஆகவே முகத்தில் எதையும் 20-க்குக் கீழே விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். திரையின் வெளிச்சத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். கடையிலிருந்து வந்தபடியே உள்ள திரை பெரும்பாலும் மிகப் பிரகாசமானது. அதை நம்பித் திருத்திய படம் தாளில் இருண்டுதான் வரும்.

அந்தப் படத்தை இரு தாள்களிலும் அச்சிட்டுப் பள்ளங்கிக்கு எடுத்துச் சென்றேன். பளபளப்புத் தாளில் கருமை ஆழமாக இருந்தது. ஆனால் வாயில் வெளிச்சம் அதன்மேல் பட்டு, முகத்தின் பாதியை மறைத்தது. பேரன் பளபளப்பில்லாததையே தேர்ந்தெடுத்தார். குளிருக்காகச் சன்னல்களைச் சிறிதாக வைத்த வீடு அது. படம் மாட்டுவதாகச் சொன்ன சுவரிலே நடுப்பகலிலும் அரையிருட்டு. வாசலில் தெளிவாகத் தெரிந்த கண்கள் அங்கே வைத்ததும் உள்ளே போய்விட்டன. அந்தச் சுவருக்காக வளைவின் அடிப்பகுதியை மேலும் சிறிது உயர்த்தி, மூன்றாம் அச்சு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூதாட்டி அதை வாங்கிக் கண்ணருகே பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, பூண்டுக் கட்டுகளை விரலால் எண்ணத் தொடங்கினார்.