இக்கரையும் அக்கரையும் – 7: சம்பளம் அங்கே, குடும்பம் இங்கே

சென்ற வாரம் சிங்கப்பூரையும் மலேசியாவையும் சராசரிகளை வைத்து ஒப்பிட்டோம். சிங்கப்பூரில் சராசரி ஆயுள் ஏறத்தாழ 83 வயது, மலேசியாவில் 75. வருமானத்தில் பல மடங்கு வித்தியாசம். இந்த இரண்டு சராசரியிலும் சரியாக அகப்படாத ஒருவரை இந்த வாரம் பார்ப்போம். அவர் வீடு ஜோகூர் பாருவில், வேலை சிங்கப்பூரில்.

இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டர் பாலம்தான். 1924-ல் முறைப்படி திறக்கப்பட்டது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் பிரிந்து தனி நாடானது. 1967-ல் இரு நாடுகளும் தனித்தனி நாணயம் வெளியிட்டன. அப்படியும் 1973 வரை இந்த வெள்ளிக்கு அந்த வெள்ளி ஒன்றுக்கு ஒன்று என்றே செல்லுபடியானது. இன்றைக்கு ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. மலேசியாவில் 2025-ல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே ஆள் பாலத்தைத் தாண்டி 2,000 வெள்ளி வாங்கினால், கையில் 6,000 ரிங்கிட்டுக்கு மேல் நிற்கிறது. பிள்ளைகளைப் படிக்க வைக்க நினைக்கும் எந்தத் தகப்பனும் இந்தக் கணக்கை ஒதுக்கிவிட முடியாது. தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் அந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள்.

கடப்பது என்றால் எப்படி? லார்கின் பேருந்து நிலையத்தில் 170-ஆம் எண் பேருந்தில் ஏறுகிறார் என்று வையுங்கள். இன்னும் விடியவில்லை. மலேசியக் குடிநுழைவு வளாகத்தில் பையோடு இறங்கி, மாடியேறி, கடப்பிதழ் காட்டி, மறுபடி கீழிறங்கி அடுத்த பேருந்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். பாலத்தைத் தாண்டி உட்லண்ட்ஸ் வந்ததும் திரும்ப இறங்கி, மாடியேறி, சோதனை முடித்து, கீழே இன்னொரு வரிசை. அதன் பிறகுதான் வேலையிடத்துக்கான பயணமே தொடங்குகிறது. பாலத்தில் வண்டிகள் அசையாமல் நிற்கும் நாட்களில் பேருந்தை விட்டிறங்கி நடந்தே போய்விடுகிறார்கள். சாயங்காலம் இதே வழியில் திரும்ப வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று கொள்ளுங்கள். மாதம் 25 வேலை நாளுக்கு 100 மணி நேரம். எட்டு மணி நேர வேலையாக எண்ணினால் பன்னிரண்டு நாளுக்கு மேல், கூலியில்லாமல்.

இத்தனையும் செய்து அவர் அடைவது சிங்கப்பூரின் சம்பளம். சிங்கப்பூரின் வாழ்க்கைத் தரம் அவரிடம் வந்து சேர்வதில்லை. அந்தத் தரம் எதனால் ஆனது என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

1960-ல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில்தான் சிங்கப்பூர்வாசிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் குடியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சொந்த வீடு, 99 ஆண்டுக் குத்தகையில். வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? 1955 முதல் இருக்கும் மத்திய சேமநிதியிலிருந்து. 55 வயது வரை தொழிலாளியின் சம்பளத்தில் 20 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 17 சதவீதம் போடுகிறார். வீட்டுக் கடன் தவணையை அந்த நிதியிலிருந்தே கட்டலாம். வேலை, சேமநிதி, வீடு மூன்றும் ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே அதற்குள் வருகிறார்கள். வேலை அனுமதியில் வருகிற மலேசியருக்குச் சேமநிதியும் இல்லை, கழக வீடு வாங்கும் உரிமையும் இல்லை. சொந்த ஊரிலேயே வேலை பார்த்திருந்தால் மலேசியாவின் ஊழியர் சேமநிதியில் முதலாளி 12 அல்லது 13 சதவீதம் போட்டிருப்பார். அதுவும் போயிற்று. தானே விரும்பிக் கட்டலாம், ஆனால் முதலாளியின் பங்கு கிடையாது.

அப்படியானால் அவர் ஏமாந்தவரா? இல்லை. ஜோகூரில் அவருக்கு உள்ளவற்றையும் எண்ண வேண்டும். சிங்கப்பூரில் கார் வாங்க, பத்தாண்டு மட்டும் செல்லும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் அதன் விலையே ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியிருக்கிறது. ஜோகூரில் சாதாரணக் குடும்பத்துக்கும் வாசலில் ஒரு கார் உண்டு. மலேசியப் பெட்ரோல் எவ்வளவு மலிவென்றால், சிங்கப்பூர்க் கார்கள் எல்லை தாண்டும்போது முக்கால் டாங்கி எரிபொருளோடுதான் போக வேண்டும் என்று சிங்கப்பூரில் சட்டமே இருக்கிறது. அரசு மருந்தகத்தில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணம். பிள்ளையைத் தமிழ்வழித் தொடக்கப் பள்ளியில் சேர்க்கலாம். மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உண்டு. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் பாடமாகவும் இருக்கிறது. தமிழ்வழிப் பள்ளி மட்டும் 1982-க்குப் பிறகு இல்லை.

ஆக, இவர் இரண்டு நாட்டையும் சேர்த்துத் தமக்கென ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொண்டவர். அதற்கு அவர் கொடுக்கும் விலை இரண்டு: தூக்கத்திலிருந்து எடுக்கும் நேரமும், முதுமைக்குச் சேராத பணமும். எந்த நாட்டுப் புள்ளிவிவரமும் இவற்றை வாழ்க்கைத் தரத்தில் கழித்துக் காட்டுவதில்லை.

நேரத்துக்கு ஒரு வழி பிறந்திருக்கிறது. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த் வரை நான்கு கிலோமீட்டர் ரயில், 2026 கடைசியில் ஓட வேண்டும் என்பது திட்டம். இரு நாட்டுச் சோதனையும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும், பயணம் ஐந்தே நிமிடம். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் போகலாம். முதுமைப் பணத்துக்கு அப்படியொரு பாதை போடப்படவில்லை. ரயிலுக்காக உட்கார்ந்து பேச முடிந்த இரு அரசுகள் இதற்கும் உட்கார்ந்து பேச வேண்டும். முப்பது வருடம் பாலம் கடந்து உழைத்தவர் அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்பது இரு நாட்டுக்கும் அழகல்ல. ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரம் எவ்வளவு உயரம் என்று கேட்கும்போது, அதைத் தாங்கி நிற்கும் உழைப்பாளிகளில் எத்தனை பேருக்கு அதில் பங்கு உண்டு என்றும் கேட்டாக வேண்டும்.

அடுத்த வாரம், எதிர்த்திசையில் பாலம் கடந்தவர்கள்: ஓய்வுக்காலத்தை ஜோகூரில் கழிக்க வந்த சிங்கப்பூர்க்காரர்கள்.

(தொடரும்)