மெனோ – தங்குகிறேன்: பழங்கிரேக்க நிகழ்கால வினை ஓர் அறிமுகம்

பழங்கிரேக்கம் என்றதும் கணிதப் பாடத்தில் கண்ட ஆல்பா, பீட்டா எழுத்துகள்தாம் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். துணிந்து கற்கத் தொடங்குவோரும் நிகழ்கால வினைப் பட்டியலைக் கண்டு மிரள்வதுண்டு. நானும் அப்படித்தான் மிரண்டேன். காரணம், பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது. கிரேக்கத்தை ஆங்கிலமாக்கி, அதைத் தமிழாக்கிப் புரிந்துகொள்ள முயன்றேன். இந்தச் சுற்றுவழி நமக்குத் தேவையே இல்லை, நண்பர்களே! பள்ளியில் படித்த தமிழ் இலக்கணமே நேர்வழி காட்டும்.

'தங்குகிறேன்' என்பதைப் பிரித்துப் பாருங்கள். 'தங்கு' பகுதி; 'கிறு' இடைநிலை; 'ஏன்' விகுதி. 'நான்' என்று சொல்லாவிட்டாலும் தங்குவது யார் என்பதை விகுதியே காட்டிவிடுகிறது. கிரேக்க வினையும் இவ்வாறே. 'மென்' என்பது தங்குதலைக் குறிக்கும் பகுதி. அதனோடு ஆறு ஈறுகள் சேர்கின்றன:

மெனோ – தங்குகிறேன்
மெனெய்ஸ் – தங்குகிறாய்
மெனெய் – தங்குகிறான், தங்குகிறாள், தங்குகிறது
மெனொமென் – தங்குகிறோம்
மெனெதெ – தங்குகிறீர்கள்
மெனூஸி – தங்குகிறார்கள்

'மெனெதெ'யில் வரும் தகரத்தைப் 'பத்து' என்பதில் உள்ளதுபோல் அழுத்தி ஒலிக்க வேண்டும். 'மெனோ'வில் நெடில் ஓ, 'மெனொமென்'னில் குறில் ஒ என்பதையும் கவனியுங்கள். கிரேக்கத்தில் குறிலுக்கு ஒமிக்ரான், நெடிலுக்கு ஒமேகா எனத் தனித்தனி எழுத்துகள் உண்டு. ஒ, ஓ என்று எழுதிப் பழகிய நமக்கு இது புதிதன்று.

வேறுபாடுகளும் உள்ளன. 'கிறு' போன்ற நிகழ்கால இடைநிலை இங்கில்லை. படர்க்கை வினை ஆண்பால், பெண்பால் காட்டாது. நாம், நாங்கள் என்ற பிரிவும் கிடையாது. மரியாதைப் பன்மையும் இல்லை. அரசனானாலும் தோழனானாலும் ஒருவர் என்றால் 'மெனெய்ஸ்'தான்! 'தங்கிக்கொண்டிருக்கிறேன்' என்பதற்கும் 'மெனோ'வே போதும்.

ஒரு சுவையான செய்தி. 'மரங்கள் விழுகிறது' என்று எழுதினால் தமிழாசிரியர் சிவப்பு மையால் வட்டமிடுவார். ஏதென்ஸ் நகரக் கிரேக்கத்திலோ அதுதான் முறை! ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாம் பாலில் எழுவாய் பன்மையாக வந்தால், வினை பொதுவாக ஒருமையில் நிற்கும். 'த தெந்த்ர பிப்தெய்' – மரங்கள் விழுகின்றன. இங்கே 'பிப்தெய்' ஒருமை வினை.

எல்லா வினைகளும் இந்த வாய்பாட்டில் அடங்கா. 'மி' என முடியும் வினைகள் சில உண்டு; அவற்றைப் பிறகு கற்கலாம். இந்த ஆறு வடிவங்களை மனத்தில் இருத்தினாலே எண்ணற்ற வினைகள் நம் வசமாகும்.

இதோ ஒரு பயிற்சி: 'மன்தனோ' என்றால் கற்கிறேன். அப்படியானால் 'கற்கிறோம்' என்பதை எப்படிச் சொல்வீர்கள்?

மன்தனொமென்! சரியாகச் சொன்னீர்களா? ஆங்கிலத்தின் துணையின்றி உங்கள் முதல் கிரேக்க வினையை நீங்களே ஆக்கிவிட்டீர்கள். தமிழ் படித்து என்ன பயன் என்று கேட்போருக்கு இதையும் ஒரு விடையாகச் சொல்லலாம்.