பாறை மாதிரி காய்ந்த கறி சூப்... 250 ஆண்டுகளுக்கு முன் கப்பலில் போன 'பாக்கெட் சூப்'பை வீட்டில் செய்யலாமா?

ஒரு சின்ன துண்டு. பார்க்க பழுப்பு நிறத்தில், கண்ணாடி போல. கொதிக்கும் தண்ணீரில் போட்டால் கரைந்து சூப் ஆகிவிடும். இது இன்றைய சூப் க்யூப் இல்லை. ஃப்ரிட்ஜ் என்ற சொல்லே இல்லாத 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் செய்தது. 'போர்ட்டபிள் சூப்', 'பாக்கெட் சூப்' என்று பெயர். 'வீல் க்ளூ', அதாவது 'கன்றுக்கறி பசை' என்றும் ஒரு பெயர் உண்டு.

அந்தக் கடைசிப் பெயர்தான் சரியான பெயர். ஏன் என்று பார்ப்போம்.

அப்படி என்ன இருக்கிறது இதில்?

ஆட்டுக்கால் சூப் குடித்தால் உதடு ஒட்டும் இல்லையா? எலும்பு, தோல், ஜவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் பல மணி நேரம் வேகும்போது ஜெலட்டினாக மாறி தண்ணீரில் கலக்கிறது. அந்த ஜெலட்டின்தான் ஒட்டுகிறது. சூப்பை ஆறவைத்தால் ஜெல்லி மாதிரி உறைவதும் அதனால்தான். அந்த ஜெல்லியில் இருக்கும் தண்ணீரையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கெட்டியான பலகை. தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்திய வச்சிரப் பசையும் ஏறக்குறைய இதே முறையில் வந்ததுதான். ஒன்று மரத்துக்கு, இன்னொன்று வயிற்றுக்கு.

தண்ணீர் போதுமான அளவு குறைந்துவிட்டால் கிருமி வளர வழியில்லை. அதனால்தான் இது மாதக்கணக்கில் தாங்கியது.

கேப்டன் குக் கப்பலில்...

ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணி 1747இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில சமையல் புத்தகத்திலேயே இதன் செய்முறை இருக்கிறது. பிறகு பிரிட்டன் கடற்படை இதை மொத்தமாக வாங்கத் தொடங்கியது. உலகைச் சுற்றிய கேப்டன் ஜேம்ஸ் குக், ஆளுக்கு சுமார் ஒரு அவுன்ஸ் (28 கிராம்) வீதம் வாரத்தில் மூன்று நாள் பட்டாணியோடு சேர்த்து வேகவைத்துக் கொடுத்ததாக 1776இல் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார். கரையில் கீரை கிடைத்த இடங்களில், கீரையும் கோதுமையும் இதுவும் சேர்ந்ததுதான் காலைச் சாப்பாடு.

அந்தக் காலத்துக் கடற்படையில் கறி இல்லாத நாட்களுக்கு 'பனியன் டே' என்று பெயர். நாம் போடும் பனியன் அல்ல! சைவம் மட்டுமே சாப்பிடும் குஜராத்தி பனியா வியாபாரிகளைப் பார்த்து மாலுமிகள் வைத்த பெயர்.

ஸ்கர்வி நோயை இந்த சூப் தடுக்கும் என்று கடற்படை நம்பியது. தடுக்காது. ஸ்கர்வி வருவது வைட்டமின் சி இல்லாததால். இத்தனை மணி நேரம் கொதித்த கறிச்சாற்றில் அது எங்கே இருக்கும்? குக்கின் ஆட்களுக்கு உதவியதில் கூடவே வெந்த கீரைக்குப் பெரிய பங்கு உண்டு.

அமெரிக்காவின் லூயிஸ், கிளார்க் பயணத்துக்கும் இது போனது. மெரிவெதர் லூயிஸ் 1803இல் ஃபிலடெல்ஃபியாவில் 193 பவுண்டு, அதாவது சுமார் 87 கிலோ வாங்கினார். விலை 289.50 டாலர். 1805 செப்டம்பரில் பிட்டர்ரூட் மலையில் வேட்டைக்கு எதுவும் சிக்காதபோது, அந்தக் குழு இதைக் கரைத்துக் குடித்தது. அதுவும் போதாமல் கூட வந்த குதிரைக்குட்டியையே அடித்துச் சாப்பிட்டார்கள். சூப்பின் ருசி பற்றி இதைவிடத் தெளிவான விமர்சனம் வேண்டுமா என்ன!

சரி, வீட்டில் எப்படி?

கொலாஜன் நிறைய உள்ள பகுதிதான் தேவை. அந்தக் காலத்தில் மாட்டின் முன்னங்கால் கறி, கன்றுக்கால். ஆட்டுக்கால், எலும்போடு உள்ள கறியிலும் வரும். தண்ணீர் மூழ்கும் அளவு ஊற்றி, சிம்மில் 8 மணி நேரமாவது வேகவேண்டும். உப்பு போடாதீங்க. கடைசியில் பத்து மடங்குக்கு மேல் சுண்டப்போகிறது, வாயில் வைக்க முடியாது. தவிர, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், பலகை காயாது.

வடிகட்டி, சீக்கிரம் ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் ஒரு ராத்திரி. காலையில் மேலே படிந்த கொழுப்பை ஒரு பொட்டு விடாமல் எடுக்கணும். இதில் சோம்பல் பட்டால் எல்லாம் வீண்: கொழுப்பு சிக்கு வாடை அடிக்கும், காயவும் விடாது.

அடுத்து, அகலமான பாத்திரத்தில் சுண்டவைப்பது. பாகு பதம் வரும்போது அடிப்பிடிக்கும். அதற்கு முன்பே, கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்த பாத்திரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. கரண்டியில் எடுத்தால் தேன் மாதிரி விழவேண்டும். தட்டில் அரை விரல் உயரத்துக்கு ஊற்றி, ஃப்ரிட்ஜில் உறையவைத்து, துண்டு போடலாம். 4 கிலோ எலும்பும் கறியும் போட்டாலும் கிடைப்பது ஒரு சின்ன டிபன் பாக்ஸ் அளவுதான். கேஸ் செலவை யோசித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் ஆபத்து

பழைய செய்முறையில் துண்டுகளை ஃப்ளானல் துணியில் வைத்து, திருப்பித் திருப்பி நாள்கணக்கில் காயவிடுவார்கள். அது குளிர் நாட்டுக் கதை. சென்னை மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள ஊரில் மேசை மேல் வைத்தால், காய்வதற்கு முன் கிருமி குடியேறிவிடும். ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கவே கறிச்சாறுதான் பயன்படுத்துகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

5 முதல் 60 டிகிரி செல்சியஸ்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாகாது. பெரிய அண்டா மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகும். அதனால் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் கொண்டுவர வேண்டும். பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கிளறினால் முடியும். ஸ்டஃபிலோகாக்கஸ் விடும் நச்சோ இன்னும் மோசம். திரும்பக் கொதிக்கவைத்தாலும் போகாது.

ஆகவே துண்டுகளை ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, மூடாமல் காயவையுங்கள். துணியைத் தினமும் மாற்றுங்கள். தட்டினால் 'டக்' என்று சத்தம் வந்தாலும் ஃப்ரீசரிலேயே வையுங்கள். பாதி காய்ந்ததை டப்பாவில் அடைத்து அலமாரியில் வைப்பது கூடவே கூடாது. பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைக்காதீங்க, மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள்.

டின் உணவு வந்ததும் இந்தப் பலகைக்கு மவுசு குறைந்தது. 1865இல் லீபிக் கம்பெனியின் கறிச்சாறும், 1908இல் மேகி சூப் க்யூபும் வந்தன. ஆமாம், நமக்கு நூடுல்ஸாகத் தெரிந்த அதே மேகிதான். ஆனால் இன்றைய க்யூபில் முதலிடம் உப்புக்கு. பழைய பலகையிலோ உப்பே கிடையாது, கறியும் எலும்பும்தான். லண்டன் கிரீன்விச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் 18ஆம் நூற்றாண்டுப் பலகை ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது.