நினைவு தப்பிய பிறகு

ஈப்போ, புந்தோங். பதினாறாம் நாள் கரும காரியம் நடக்கும் வீட்டை வெளியிலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம். வாசலை அடைத்துக் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலிகள், சாலையோரம் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள். உள்ளே மாலை போட்ட படத்துக்கு முன் தலைவாழை இலை விரித்திருக்கும். இலையில் என்ன இருக்கும் என்பது போனவரைப் பொறுத்தது. சிலருக்குக் கருவாட்டுக் குழம்பு, சிலருக்கு ஆட்டுக்கறி, ஓரமாக ஒரு கிளாஸ் தே தாரேக், ஒரு போத்தல் ஸ்டவுட், பற்ற வைத்த சிகரெட். ஊர் புந்தோங் ஆயிற்றே, கச்சாங் பூத்தே பொட்டலமும் இருக்கும்.

சூடம் காட்டி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நிற்பார்கள். போனவர் வந்து சாப்பிட்டுப் போவதற்கான சில நிமிடங்கள் அவை. அந்த நேரத்தில்தான் வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று கேட்கும்: "தாத்தாவுக்கு நம்ம வீடு ஞாபகம் இருக்குமா?" பெரியவர்கள் வாயில் விரல் வைத்து அடக்குவார்கள்.

கடந்த அரை நூற்றாண்டாக மருத்துவ ஆய்வாளர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்டு வருகிறார்கள். இதயம் நின்ற பிறகு உணர்வு எவ்வளவு நேரம் இருக்கிறது? அதோடு வாழ்நாள் ஞாபகங்கள் எங்கே போகின்றன? இரண்டும் வேறு வேறு கேள்விகள். தமிழில் ஒரே சொல் இரண்டையும் சுமப்பதால் நமக்கு அவை ஒன்றுபோலத் தெரிகின்றன. மயங்கி விழுந்தவருக்கு 'நினைவு தப்பிவிட்டது' என்கிறோம். பழசை மறந்தவருக்கும் 'நினைவில்லை' என்கிறோம். செத்தவருக்கு ஆண்டுதோறும் 'நினைவு நாள்' அனுசரிக்கிறோம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதல் இருபது நொடி

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடு. உடல் செலவிடும் ஆற்றலிலோ ஏறத்தாழ 20 விழுக்காட்டை அது ஒன்றே எடுத்துக்கொள்கிறது. கையிருப்பு என்று சொல்ல அதிகம் எதுவும் கிடையாது. இரத்தம் கொண்டுவரும் ஆக்சிஜனையும் சர்க்கரையையும் வைத்து அந்தந்த நொடியை ஓட்டும் அன்றாடங்காய்ச்சி அது. அதனால் இதயம் நின்றால் 10 முதல் 20 நொடிக்குள் நினைவு தப்பிவிடுகிறது. சற்று நேரத்தில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் கருவியில் கோடு தட்டையாகிறது. நான்கைந்து நிமிடம் கடந்தால் செல்களுக்கு நிலையான சேதம் தொடங்குகிறது.

பாடநூல்கள் இதோடு நிறுத்திக்கொண்டன. 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜிமோ போர்ஜிகின் என்ற ஆய்வாளரின் குழு ஒன்பது எலிகளின் இதயத்தை நிறுத்தி மூளையைக் கவனித்தது. இதயம் நின்ற முதல் 30 நொடிக்குள் காமா எனப்படும் வேக அலைகள் எகிறின. விழித்திருந்தபோது இருந்ததைவிட அவை ஒழுங்காகவும் ஒருங்கிணைந்தும் இருந்தன.

மனிதரிடமும் இது நடக்குமா? அதே குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நான்கு நோயாளிகளைப் பற்றியது. பிழைக்க வழியில்லை என்று தெரிந்து, குடும்பத்தார் சம்மதத்துடன் சுவாசக் கருவி அகற்றப்பட்டது. நால்வரில் இருவருக்கு அதே காமா எழுச்சி வந்தது. அதுவும் உணர்வோடு தொடர்புடையது எனக் கருதப்படும் மூளையின் பின்புறப் பகுதியில் வந்தது. மற்ற இருவருக்கு ஒன்றும் இல்லை. எழுச்சி கண்ட இருவருக்கும் முன்பு வலிப்பு வந்ததுண்டு. இதற்கு ஓராண்டு முன்னர், வலிப்புக்காகக் கண்காணிப்பில் இருந்த 87 வயது முதியவர் ஒருவர் எதிர்பாராமல் இறந்தபோதும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. இதயம் நிற்பதற்கு முன்னும் பின்னும் 30 நொடி வரை, ஞாபகத்தோடு தொடர்புள்ள அலைகளின் மாற்றம் அதில் பதிவானது.

'வாழ்க்கை முழுவதும் படம்போல் ஓடுகிறது' என்று அப்போது பத்திரிகைகள் தலைப்பிட்டன. பதிவானது மின் அலை. அவர் எதைக் கண்டார், கண்டாரா என்பதைச் சொல்ல அவர் இல்லை. பெர்லினிலும் சின்சினாட்டியிலும் ஒன்பது நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இன்னொரு கட்டத்தையும் காட்டியது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நரம்புச் செல்கள் தம் மின்சக்தியை இழக்கும் அலை ஒன்று மூளை நெடுகப் பரவுகிறது. உடனே இரத்த ஓட்டம் திரும்பினால் இதிலிருந்துகூட மீளலாம். திரும்பாவிட்டால் செல்கள் மடியத் தொடங்கும். ஆக, சாவு ஒரே நொடியில் முடிகிற காரியமல்ல. அது படிப்படியாக நடக்கிறது.

போய்த் திரும்பியவர்கள்

இதயம் நின்று, நெஞ்சை அழுத்தி மீட்கப்பட்டவர்களில் சிலர் பேசுகிறார்கள். 2001இல் 'லான்செட்' இதழில் பிம் வான் லொம்மல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வில் 10 மருத்துவமனைகளின் 344 நோயாளிகள் இருந்தனர். அவர்களில் 62 பேர், அதாவது 18 விழுக்காட்டினர், ஏதோ ஓர் அனுபவம் இருந்ததாகச் சொன்னார்கள்: குகை, வெளிச்சம், இறந்துபோன உறவினர், உடலுக்கு வெளியே நிற்கும் உணர்வு.

உடலைவிட்டு வெளியேறி மேலிருந்து பார்த்ததாகச் சொல்வதைச் சோதிக்க முடியாதா? மருத்துவர் சாம் பார்னியா அதற்கு ஒரு வழி கண்டார். அவசர அறைகளில் கூரையை ஒட்டிப் பலகைகள் அடித்து, மேலே இருந்து பார்த்தால் மட்டுமே தெரியும் படங்களை வைத்தார். 2014இல் வெளியான முடிவில் இதயம் நின்ற 2,060 நிகழ்வுகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவை பலகை இல்லாத அறைகளில் நடந்துவிட்டன. அடுத்த ஆய்வில் பலகைக்குப் பதிலாகக் கையடக்கக் கணினியில் படம் காட்டினார்கள். காதில் ஒலிக்கருவி மாட்டிப் பழங்களின் பெயரைச் சொன்னார்கள். 2023இல் முடிவு வந்தது. 567 பேரில் வீடு திரும்பியவர்கள் 53 பேர். பேட்டி தர முடிந்தவர்கள் 28 பேர். அவர்களில் 11 பேருக்கு ஏதோ ஒரு நினைவோ உணர்வோ இருந்தது. படத்தைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. பழங்களின் பெயரை ஒருவர் சொன்னார்.

ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே, சிலருக்கு 35 நிமிடம் தாண்டியும் இயல்புக்கு நெருங்கிய மூளை அலைகள் தோன்றியதாக அதே ஆய்வு பதிவுசெய்தது. அழுத்தும் கை கொஞ்சம் இரத்தத்தை மேலே அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

சித்திரகுப்தன் என்னும் கிராணி

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் சத்வந்த் பஸ்ரிச்சாவும் அமெரிக்க மனநல மருத்துவர் இயான் ஸ்டீவன்சனும் 1986இல், இப்படிப் போய்த் திரும்பியதாகச் சொன்ன இந்தியாவின் 16 பேரைப் பற்றி எழுதினார்கள். மேல்நாட்டினர் சொல்லும் குகை இங்கே இல்லை. இரண்டு ஆட்கள் வந்து கூட்டிப்போகிறார்கள். ஒருவர் முன் நிறுத்துகிறார்கள். அவர் ஏட்டைப் புரட்டுகிறார். 'இவன் இல்லை, வேறொருவன்' என்று தெரிகிறது, திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

ரப்பர் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் நின்று வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. செக்ரோலில் ஆள் மாற்றிப் பேர் போட்ட கிராணி, தவறு தெரிந்ததும் தொழிலாளியை லயத்துக்கு அனுப்புவதைப் போன்றது. ஆய்வாளர்களில் பலர் சொல்வதும் இதைத்தான்: ஆக்சிஜன் குறைந்த மூளை ஏதோ ஒன்றை உணர்கிறது; அதற்கு முகமும் பெயரும் கொடுப்பது அவரவர் வளர்ந்த வீடும் கேட்ட கதையும். டச்சுக்காரருக்கு வெளிச்சம், நமக்கு எமதூதர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். திரும்பி வந்தவர்கள் அனைவரும் சாகும் வழியில் பாதியில் நின்றவர்கள். அவர்கள் சொல்வது சாதலைப் பற்றிய செய்தி. செத்த பிறகு என்ன என்பதற்கு அது சாட்சியாகாது.

ஞாபகம் இருக்கும் இடம்

இனி இரண்டாவது நினைவு. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்பைப் போக்க, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை எடுத்தார்கள். அதன்பின் அவருக்குப் புதிதாக எதுவும் ஞாபகத்தில் தங்கவில்லை. காலையில் பேசிய மருத்துவரை மதியம் தெரியாது. அறிவு குறையவில்லை, பேச்சு குறையவில்லை. சதையில் ஒரு துண்டு போனது, அதோடு அந்தத் திறன் போனது. 2008இல் அவர் இறந்தார். அவரது மூளையை உறையவைத்து 2,401 சீவல்களாகச் சீவிப் பாதுகாக்கிறார்கள். அத்தனையையும் வைத்துக்கொண்டும் அவருடைய பிள்ளைப்பருவத்தின் ஒரு நாளையாவது வாசிக்க யாராலும் முடியவில்லை.

காரணம் இதுதான். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள். அவற்றுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பதிலும் தளர்வதிலும்தான் ஞாபகம் தங்குகிறது. இணைப்பைத் தாங்க உயிருள்ள செல் வேண்டும். 2019இல் யேல் பல்கலைக்கழகத்தில் நெனாட் செஸ்டானின் குழு, கொன்று நான்கு மணி நேரமான பன்றி மூளைகளுக்குச் சிறப்புத் திரவம் ஏற்றியது. சில செல்கள் மறுபடி இயங்கின. உணர்வுக்குரிய ஒருங்கிணைந்த மின் அலை மட்டும் எழவேயில்லை.

சைவ சித்தாந்தம் இந்தக் கேள்வியை வேறு வழியில் எதிர்கொண்டது. பருவுடல் விழுந்தாலும் புரியட்டகம் என்ற நுண்ணுடல் உயிரோடு போகிறது என்பது அதன் கொள்கை. ஓசை, ஊறு, ஒளி, சுவை, நாற்றம் ஐந்தும், மனம், புத்தி, அகங்காரம் மூன்றும் சேர்ந்தது அது. அப்படியானால் போன பிறவி ஏன் ஞாபகமில்லை? 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார், கனவு காண்பவர் நனவில் கண்டதை மறந்துவிடுவதை எடுத்துக்காட்டினார். வினை தொடரும், ஞாபகம் தொடராது. ஆன்மா உண்டு என்று அடித்துச் சொல்லும் மரபுகூட, 'தாத்தாவுக்கு நம் வீடு தெரியும்' என்று உறுதி கொடுக்கவில்லை.

முற்பிறவி தெரிகிறது என்ற குழந்தைகளைத் தேடி ஸ்டீவன்சன் உலகமெல்லாம் அலைந்தார். 1966இல் வந்த அவரது நூலின் 20 வழக்குகளில் ஏழு இந்தியாவிலும் மூன்று இலங்கையிலும் நடந்தவை. அதற்கு முன்பே 1930களில், மதுராவில் தன் கணவர் இருக்கிறார் என்ற டெல்லிச் சிறுமி சாந்தி தேவியின் கதை காந்தியின் கவனம்வரை போயிருந்தது. இத்தகைய வழக்குகளில் குறை சொல்பவர்கள் காட்டுவது ஒன்று: ஆய்வாளர் வருவதற்குள் இரு குடும்பங்களும் சந்தித்துப் பேசியிருக்கும், குழந்தை சொன்னது எது, கேட்டவர் சேர்த்தது எது என்று பிரிக்க வழியிருக்காது. ஸ்டீவன்சனே தன் நூல் தலைப்பில் 'நிரூபணம்' என்று எழுதவில்லை. அவர் ஒரு காரியம் செய்தார். எண்பூட்டு ஒன்றை வாங்கி, தனக்கு மட்டும் தெரிந்த குறிப்பை வைத்துப் பூட்டினார். செத்த பிறகும் ஞாபகம் இருந்தால் யாருக்காவது தெரிவிப்பேன் என்றார். 2007இல் இறந்தார். பூட்டு திறந்ததாக இதுவரை செய்தி இல்லை.

கதவு சாத்துவதற்கு முன்

இந்த ஆய்வுகளால் புந்தோங் குடும்பத்துக்கு என்ன பயன்? இரண்டு இடத்தில் உண்டு.

ஒன்று, மூளைச்சாவு. சுவாசக் கருவியில் நெஞ்சு ஏறி இறங்கும், கை சூடாக இருக்கும். 'அப்பா தூங்குகிறார்' என்றே தோன்றும். கோமா வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவிலிருந்து சிலர் மீள்கிறார்கள். மூளைத்தண்டு உட்பட எல்லாம் நின்றுவிட்டது என்று இரண்டு நிபுணர்கள் சோதித்து உறுதிசெய்த பிறகு யாரும் மீள்வதில்லை. உறுப்புதானம் பற்றிக் கேட்கப்படுவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் யோசிக்க மனம் இடம்கொடுக்காது. வீட்டில் முன்பே பேசி வைத்திருப்பது உதவும்.

மற்றொன்று, காது. 2020இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வான்கூவர் நகர இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் கடைசி மணி நேரங்களில் இருந்தவர்களின் மூளையைப் பதிவுசெய்தார்கள். கூப்பிட்டால் அசையாத நிலையிலும், ஒலி மாறியபோது சிலரது மூளை, நலமாக இருக்கும் இளைஞர்களின் மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. சொன்னது புரிந்ததா என்பதை அந்தச் சோதனை காட்டவில்லை. ஒலி போய்ச் சேர்ந்தது என்பதைக் காட்டியது.

இழுத்துக்கொண்டிருப்பவரின் தலைமாட்டில் உட்கார்ந்து தேவாரமும் சிவபுராணமும் படிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதே கட்டிலருகே நின்று வீட்டுப் பத்திரத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் பேசுகிற பழக்கமும் இருக்கிறது. இரண்டாவதை வராந்தாவில் வைத்துக்கொள்ளுங்கள். 'நினைவில்லை' என்று தாதி சொன்னாலும் கிட்டே போய், யார் வந்திருக்கிறோம் என்று பேரைச் சொல்லிப் பேசுங்கள். பேரப்பிள்ளைக்கு ஏதாவது சொல்லவேண்டியிருந்தால் பதினாறாம் நாள்வரை காத்திருக்க வைக்காமல் அப்போதே பேசவிடுங்கள்.