அத்திப்பள்ளி பக்கம், பாரிஸ் தூரம்

ஓசூரில் கன்னடம் கேட்க யாரும் காசு கொடுக்க வேண்டியதில்லை. பூ மார்க்கெட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே பேரத்துக்குள் வந்துபோகும். ஜூஜுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி போனால் கடைப் பலகைகளே கன்னடத்துக்கு மாறிவிடும். அப்படிப்பட்ட ஊரிலும் பிளஸ் ஒன் சேர்க்கை நேரத்தில் பல பெற்றோர் விசாரிப்பது, “பிரெஞ்சு இருக்கா சார்?” என்றுதான். தமிழுக்குப் பதிலாக பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்பது தமிழ்நாட்டில் பழைய கணக்கு.

பிரெஞ்சு இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளில் பிரெஞ்சு அதிகாரிகள் இருந்தார்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த மைசூர் ஆட்சிக்குள் இருந்த கோட்டை ஊர்கள். 1980களில் ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை வந்தபோது தொழில்நுட்பம் தந்தது பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனம்.

பிரெஞ்சும் கன்னடமும் எதிரெதிர் சுபாவம் கொண்ட மொழிகள். பிரெஞ்சில் எழுதிய கடைசி எழுத்து பெரும்பாலும் வாயில் வராது. பாரிஸை அவர்கள் ‘பாரீ’ என்பார்கள். கன்னடமோ சொல்லின் முடிவில் ஓர் உயிரைச் சேர்த்து நிறுத்தும்: நம் பால் அங்கே ஹாலு, கல் கல்லு. பிரெஞ்சில் மேசை பெண், புத்தகம் ஆண். அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். கன்னடத்தில் அந்தத் தொல்லை இல்லை. வினை கடைசியில் வருவதும் தமிழைப் போலவே என்பதால், நாம் பேசும் வாக்கியத்தில் சொற்களை மாற்றினாலே பாதிக் கன்னடம் வந்துவிடும். மரியாதை ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. பிரெஞ்சுக்காரருக்கு ‘தூ’, ‘வூ’ என்றால் கன்னடருக்கு ‘நீனு’, ‘நீவு’. மேலதிகாரியிடம் ‘நீனு’ போட்டால் வேலை நடக்காது, “ஊட்டா ஆய்த்தா?” என்று சாப்பாட்டை விசாரித்துப் பாருங்கள், முகம் மலரும்.

பழமையில் கன்னடம் இளைத்ததல்ல. ஹல்மிடி கல்வெட்டு 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். பிரெஞ்சின் முதல் ஆவணமான ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழி 842ஆம் ஆண்டினது. ஆனால் பிரெஞ்சுக்கு 1635 முதல் ஓர் அகாதமி உண்டு, காலனிகள் வழியே ஆப்பிரிக்க நாடுகளிலும் கனடாவிலும் இடம் உண்டு. கன்னடத்துக்கு ஒரே மாநிலம். 2011 கணக்கெடுப்பில் அதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 4.37 கோடி பேர். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடக் குடும்பங்கள் தமிழ்நாட்டில் சிறுபான்மை ஆயின. தமிழைக் கட்டாயமாக்கிய 2006 சட்டத்தின்படி அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள். தமிழ் படிப்பது நல்லதே. நம் பிள்ளைகள் பதிலுக்கு என்ன படிக்கிறார்கள்?

பிரெஞ்சு படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருப்பத்தோடு படித்தால் அது ஒரு பெரிய உலகம். மார்க்குக்காக இரண்டு வருடம் படித்துவிட்டு மறப்பதுதான் வீண். இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் நாளை பொம்மசந்திராவுக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் தினம் பஸ் ஏறப்போகிறவர்கள். ஓசூர்ப் பள்ளி நிர்வாகிகளே, பிரெஞ்சு ஆசிரியருக்கு விளம்பரம் கொடுக்கும்போது கன்னட ஆசிரியர் ஒருவருக்கும் சேர்த்துக் கொடுங்கள்.