தோட்டா மீள்நிரப்பு பொறியில் பிரைமர் ஊட்டக் கோளாறுகள்

பிரைமர் ஊட்டக் கோளாறு என்பது, சுடப்பட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை மீண்டும் நிரப்பும் பொறியில், பிரைமர் எனப்படும் சிறு தீமூட்டி உரிய நேரத்தில், உரிய நிலையில், உரிய ஆழத்தில் கூட்டினுள் சென்று அமராத நிலையைக் குறிக்கும். தோட்டாவின் உறுப்புகளுள் மிகச் சிறியது பிரைமர். அடிபட்டவுடன் வெடிக்குமாறு செய்யப்பட்டதும் அது ஒன்றே. எனவே இப்பொறிகளில் ஏற்படும் பழுதுகளுள் இதுவே மிகுந்த கவனத்தை வேண்டுவது. தோட்டா மீள்நிரப்பல் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குறிபார்த்துச் சுடுவோரிடையே பரவலாக உள்ள ஒரு பொழுதுபோக்கு ஆகும். இந்தியா உட்படப் பல நாடுகளில் தோட்டா உருவாக்கம் உரிமச் சட்டங்களுக்கு உட்பட்டது.

பிரைமரின் அமைப்பு

இசுக்கொட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்னும் சமயகுரு, அடியினால் தீப்பற்றும் வேதிப்பொருளைத் துப்பாக்கியில் பயன்படுத்தும் முறைக்கு 1807இல் காப்புரிமை பெற்றார். அக்கருத்தின் வளர்ச்சியே இன்றைய பிரைமர். இது மூன்று பகுதிகளைக் கொண்டது. அவை மென்மையான உலோகக் கிண்ணம், அதன் அடியில் உள்ள அடியுணர் கலவை, கலவையின் மேல் அமர்ந்த பட்டடை ஆகியன. துப்பாக்கியின் அடியூசி கிண்ணத்தைத் தாக்கும்போது கலவை பட்டடைக்கும் கிண்ணத்துக்கும் இடையே நசுங்கித் தீப்பிடிக்கிறது. அத்தீ கூட்டின் அடியிலுள்ள தீத்துளை வழியாகச் சென்று வெடிமருந்தைப் பற்றவைக்கிறது.

1866ஆம் ஆண்டில் இருவகை அமைப்புகள் தோன்றின. இங்கிலாந்தின் எட்வர்டு பாக்சர் வடிவமைத்த வகையில் பட்டடை பிரைமரின் உள்ளேயே இருக்கும். கூட்டின் நடுவில் ஒரே தீத்துளை இருக்கும். அமெரிக்கரான ஐராம் பெர்டான் வடிவமைத்த வகையில் பட்டடை கூட்டின் ஒரு பகுதியாகவே அமையும். தீத்துளைகள் பெரும்பாலும் இரண்டு. பாக்சர் வகையில் பழைய பிரைமரை ஓர் ஊசியால் நடுத்துளை வழியே தள்ளி வெளியேற்ற இயலும். ஆகவே மீள்நிரப்பலுக்கு அவ்வகையே ஏற்றது.

பாக்சர் பிரைமர்கள் பொதுவாக இரு விட்டங்களில் கிடைக்கின்றன. சிறியதன் விட்டம் 0.175 அங்குலம் (4.45 மி.மீ.), பெரியதன் விட்டம் 0.210 அங்குலம் (5.33 மி.மீ.) ஆகும். கைத்துப்பாக்கிக்கும் நீள்துப்பாக்கிக்கும் விட்டம் ஒன்றே எனினும், பெரிய வகையில் நீள்துப்பாக்கிப் பிரைமர் சற்று உயரமானது. எனவே அதைக் கைத்துப்பாக்கித் தோட்டாக் கூட்டில் பொருத்தினால் அது வெளியே துருத்தி நிற்கும்.

ஊட்ட முறைகள்

தொடர்நிலைப் பொறிகளில் கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிடும்போது பல வேலைகள் ஒருங்கே நடைபெறுகின்றன. கூடுதாங்கித் தட்டு ஒவ்வொரு நிலையாகச் சுழன்று, பழைய பிரைமரை அகற்றுதல், புதியதைப் பொருத்துதல், மருந்திடுதல், குண்டைப் பதித்தல் ஆகியவற்றுக்குக் கூடுகளைக் கொண்டு செல்கிறது. பிரைமரைப் பொருத்தும் நிலைக்கு அதைக் கொண்டுவரும் முறைகள் பின்வருமாறு:

1. குழாயும் நகர்பட்டையும்: செங்குத்துக் குழாயில் 100 பிரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் நகரும் பட்டை ஒன்று அடியிலுள்ள பிரைமரை எடுத்துச் செல்லும்.
2. குழாயும் சுழல்தட்டும்: பட்டைக்கு மாற்றாகத் துளைகளுள்ள வட்டத் தட்டு சுழன்று பிரைமர்களை எடுத்துச் செல்லும். டில்லன் நிறுவனத்தின் எக்சு.எல். 650 பொறி இவ்வகையைச் சேர்ந்தது.
3. சரிவுப்பாதை: பிரைமர்கள் தம் எடையினாலேயே சரிந்து வரும். லீ நிறுவனத்தின் புரோ 1000 பொறியில் இதைக் காணலாம்.
4. நெகிழிப் பட்டை: ஆர்.சி.பி.எசு. நிறுவனத்தின் முறையில் 25 பிரைமர்கள் ஒரு நெகிழிப் பட்டையில் தனித்தனியே பொருத்தப்பட்டிருக்கும்.

முதல் மூன்று முறைகளிலும் பிரைமர் கீழிறங்கி வருவது புவியீர்ப்பினாலேயே. ஒரு பிரைமரின் எடை மிகக் குறைவு. ஆதலால் சிறு தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ கூட ஓட்டத்தைத் தடுத்துவிடும். இக்கட்டுரையில் கூறப்படும் கோளாறுகளுள் பெரும்பாலானவை இவ்வொரு காரணத்திலிருந்து பிறப்பவை.

அறிகுறிகளும் காரணங்களும்

பிரைமர் வராமை: குழாயின் நுனி தேய்ந்திருத்தல், நகர்பட்டை முழுத் தொலைவும் நகராமை, பாதையில் அழுக்குச் சேர்தல், சரிவுப்பாதையில் பிரைமர்களின் எண்ணிக்கை குறைதல் ஆகியன காரணங்கள். சரிவுப்பாதையில் பின்னாலுள்ள பிரைமர்களின் எடையே முன்னாலுள்ளதைத் தள்ளுகிறது. எனவே பாதை முற்றிலும் காலியாகும் முன்னரே ஊட்டம் தடைப்படும்.

இக்கோளாறு தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இயல்புடையது. பிரைமர் இல்லாத கூட்டில் மருந்து இடப்பட்டால், அது தீத்துளை வழியாக ஒழுகிப் பொறியின் மேல் சிந்தும். சிந்திய மருந்துத் துகள்கள் நகர்பட்டையின் அடியிலும் கூடுதாங்கித் தட்டின் அடியிலும் புகுந்து அடுத்த பிரைமரையும் தடுக்கும். ஆதலால் முதல் தவறு கண்டவுடனேயே பொறியை நிறுத்தித் துப்புரவு செய்தல் வேண்டும்.

தலைகீழாக வருதல்: இது பெரும்பாலும் குழாயில் ஏற்றும்போது நிகழ்வது. வரிப்பள்ளத் தட்டில் பிரைமர்களைக் கொட்டி மெல்ல அசைத்தால் அவை ஒரே பக்கமாகத் திரும்பும். ஒன்றிரண்டு திரும்பாமல் நின்றுவிட்டால் குழாயிலும் அவ்வாறே ஏறிவிடும். குழாயில் ஏற்றும் முன் தட்டை நன்கு உற்றுநோக்குவதே இதற்குத் தீர்வு.

பக்கவாட்டில் சாய்ந்து நசுங்குதல்: பிரைமரை மேலே தள்ளும் முளையும் கூட்டின் குழியும் நேர்கோட்டில் இல்லாமை, கூடுதாங்கித் தட்டு தளர்ந்திருத்தல், சிறிய பிரைமருக்குரிய உறுப்பும் பெரிய பிரைமருக்குரிய உறுப்பும் கலந்து பொருத்தப்பட்டிருத்தல் ஆகியவற்றால் இது நிகழும்.

முழு ஆழத்தில் அமராமை: பிரைமரின் மேற்பரப்பு கூட்டின் அடிப்பரப்பைவிடச் சற்று உள்ளடங்கி, பொதுவாக 0.003 முதல் 0.005 அங்குலம் வரை தாழ்ந்திருத்தல் வேண்டும். மேசை மீது நிறுத்தினால் ஆடும் தோட்டாவில் பிரைமர் துருத்தியிருக்கிறது என்று கொள்ளலாம். துருத்திய பிரைமர் சுழல்துப்பாக்கியின் உருளையைச் சுழலவிடாது தடுக்கும். முதல் அடியின் ஆற்றல் பிரைமரை உள்ளே தள்ளுவதில் செலவாகித் தோட்டா வெடியாமலும் போகலாம். அடியூசி கட்டின்றி நகரும் தானியங்கித் துப்பாக்கிகளில், விசையை இழுக்கும் முன்னரே தோட்டா வெடிக்கும் அபாயமும் உண்டு.

கூட்டினால் ஏற்படும் சிக்கல்கள்

எல்லாப் பழுதும் பொறியினுடையதன்று. 5.56 மி.மீ., 7.62 மி.மீ. போன்ற படைத்துறைத் தோட்டாக் கூடுகளில், பிரைமர் கழன்றுவிடாதிருக்கக் குழியின் விளிம்பு உட்புறமாக நெரிக்கப்பட்டிருக்கும். பழைய பிரைமரை அகற்றிய பின்னரும் அந்நெரிப்பு எஞ்சி நின்று புதியதை மறிக்கும். விளிம்பைச் சீவியோ அழுத்தி விரித்தோ நெரிப்பை நீக்கிய பின்னரே அக்கூடுகளைப் பயன்படுத்த இயலும்.

.45 ஏ.சி.பி. தோட்டாவில் வேறொரு குழப்பம் உண்டு. இதற்குரிய கூடுகள் வழமையாகப் பெரிய பிரைமருக்கென அமைந்தவை. ஆனால் சில தயாரிப்பாளர்கள் சிறிய பிரைமர்க் குழியுடனும் வெளியிட்டுள்ளனர். இரண்டும் கலந்த குவியலில், பெரிய பிரைமர் சிறிய குழியில் மோதி நசுங்கும். கைப்பிடியில் வழக்கத்துக்கு மாறான எதிர்ப்பு தோன்றினால் விசையைக் கூட்டாமல் நிறுத்துவதே முறை.

காரணத்தைக் கண்டறியும் முறை

பழுது எப்போது நிகழ்கிறது என்பதைக் குறித்து வைப்பது பயன்தரும். ஐந்து நிலைகளுள்ள பொறியில் ஒவ்வோர் ஐந்தாம் கூட்டிலும் தவறு நேர்ந்தால், கூடுதாங்கித் தட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் குறை உள்ளது எனலாம். தவறுகளுக்கு இடையேயான எண்ணிக்கை சுழல்தட்டின் துளைகளின் எண்ணிக்கையோடு ஒத்திருந்தால், அத்துளைகளுள் ஒன்றை ஆராய வேண்டும். ஒரே அடிமுத்திரையுள்ள கூடுகளில் மட்டும் தவறு நேர்ந்தால் காரணம் கூட்டில் இருக்கக்கூடும். எவ்வித ஒழுங்குமின்றி நேர்ந்தால் அழுக்கை முதலில் ஐயுறலாம்.

ஆய்வைத் தொடங்கும் முன் பிரைமர்களையும் மருந்தையும் பொறியிலிருந்து முற்றிலும் அகற்றிவிட வேண்டும். பின்னர் வெறும் பொறியை மெதுவாக இயக்கி, நகர்பட்டை முழுமையாகச் சென்று திரும்புகிறதா, முளை தடையின்றி மேலெழுகிறதா என்று காணலாம். உறுப்புகளை உலர்துணியால் துடைத்தல் நன்று. எண்ணெய் தூசியை ஈர்ப்பதோடு பிரைமர்க் கலவையையும் கெடுக்கக்கூடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்தல் வேண்டும். இரண்டைச் சேர்த்துச் செய்தால் எது தீர்த்தது என்பது விளங்காது.

பாதுகாப்பு

ஒரு பிரைமர் தனியே வெடித்தால் அதன் ஆற்றல் சிறிது. ஆனால் குழாயில் 100 பிரைமர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. அடியிலுள்ள ஒன்று வெடித்தால் அதன் அதிர்ச்சி மேலுள்ளவற்றுக்குப் பரவி, அடுக்கு முழுவதும் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் வெடிக்கக்கூடும். இதன் காரணமாகவே பல பொறிகளில் குழாயைச் சுற்றி எஃகினாலான காப்புக்குழாய் பொருத்தப்பட்டு, வெடிப்பு மேல்நோக்கித் திருப்பப்படுகிறது. எனவே குழாயின் மேல் குனிந்து பார்த்தல் கூடாது. நெகிழிப் பட்டை முறையில் பிரைமர்கள் விலகி நிற்பதால் இத்தகைய தொடர்வெடிப்பின் வாய்ப்பு குறைகிறது.

சிக்கிய பிரைமரைக் கம்பியால் குத்துவதோ, குழாயின் மேலுள்ள தொடர்கோலை அழுத்துவதோ, சுத்தியால் தட்டுவதோ கூடாது. பிரைமர்கள் குழாயினுள் இறுகிவிட்டால் பொறித் தயாரிப்பாளரின் அறிவுரையைப் பெறுவதே தக்கது. சில பொறிகளின் கையேடுகள் குறிப்பிட்ட வகைப் பிரைமர்களை மட்டுமே பயன்படுத்தச் சொல்கின்றன. அதைப் பின்பற்றுதல் வேண்டும். பிரைமர்களை அவற்றின் மூலப்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். அப்பெட்டிகளில் ஒவ்வொன்றும் தனித்து நிற்பது தொடர்வெடிப்பைத் தவிர்ப்பதற்காகவே. கண்ணாடிக் குடுவையில் மொத்தமாகக் கொட்டி வைப்பது மிகவும் ஆபத்தானது.

பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மமான லெட் இசுடிஃப்னேட்டு உள்ளது. பழைய பிரைமர்களை அகற்றும்போது எழும் தூசியிலும் ஈயம் கலந்திருக்கும். வேலை முடிந்ததும் உண்பதற்கு முன் கைகளைக் கழுவுதல் இன்றியமையாதது. கண்காப்புக் கண்ணாடி அணிதல், அருகில் புகைபிடியாமை, நிலைமின்னைத் தவிர்த்தல் ஆகியனவும் பொதுவான விதிகள். பொறியை விரைவாக இயக்க வேண்டும் என்ற எண்ணமே இவ்விதிகளை மறக்கச் செய்கிறது. ஊட்டம் தடைப்படும்போது கைப்பிடி அதனைக் கைக்கு உணர்த்துகிறது. அவ்வேளையில் நிறுத்துபவருக்கு இழப்பு ஒரு பிரைமர் மட்டுமே.