ரவுட்டருக்குள் ஒரு சுவிட்ச்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். இலங்கை முழுக்கக் கரண்ட் போனது. நுரைச்சோலை லக்விஜய அனல்மின் நிலையத்தின் மூன்று அலகுகளும் ஒருசேர நின்றன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட். நிலக்கரியில் ஓடுவதை நினைத்த மாத்திரத்தில் திரும்ப எழுப்ப முடியாது என்பதால், அதற்கடுத்த நாட்களிலும் நாட்டில் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. மின்நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதற்காக நுரைச்சோலைக்கு யாரும் சலுகை தருவதில்லை.

இந்த ஊரில் ஓர் அலுவலகத்துக்கு வலையமைப்புப் போடுகிறவர் முதலில் கேட்கவேண்டியது இணையத்தின் வேகத்தை அல்ல. கரண்ட் போனால் யூபிஎஸ்ஸில் எத்தனை பெட்டிகள் தொங்கும்? இடி விழுந்தால் எத்தனை பெட்டிகள் சேர்ந்து போகும்? ரவுட்டருக்குள் செருகும் ஈதர்நெட் சுவிட்ச் மாட்யூலை வாங்குவதா, தனிச் சுவிட்சை வாங்குவதா என்ற முடிவு பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் இருக்கிறது.

சுவிட்ச் செய்யும் வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கிய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. பின்னால் வந்த ‘ஹப்’ பெட்டிக்கும் அதே குணந்தான்: பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதுபோல ஒருவருக்கான செய்தி ஊருக்கே கேட்கும். சுவிட்ச் அப்படியில்லை. வந்துசேரும் ஒவ்வொரு தரவுப் பொதியிலும் முதல் 6 பைட் பெறுநரின் முகவரி, அடுத்த 6 பைட் அனுப்புநரின் முகவரி. அனுப்புநர் எந்தப் போர்ட்டில் இருக்கிறார் என்று சுவிட்ச் தன் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பெறுநர் ஏற்கெனவே அட்டவணையில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லாவிட்டால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும். ஒரு கணினி பேசாமல் இருந்தால் சிஸ்கோ சுவிட்ச் வழக்கமாக 300 விநாடியில் அதை மறந்துவிடும்.

இப்படிப் பல போர்ட்டுகளோடு முதலில் சந்தைக்கு வந்த சுவிட்ச், கலிபோர்னியாவின் கல்பனா நிறுவனம் 1990இல் விற்ற ஏழு போர்ட் பெட்டி. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ், லாரி பிளேயரோடு சேர்ந்து தொடங்கிய அந்த நிறுவனத்துக்குத் தன் மனைவியின் பெயரை வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. கல்பனா தன் பெட்டிக்கு வைத்த ‘ஈதர்சுவிட்ச்’ என்ற பெயர் பிற்பாடு சிஸ்கோ ரவுட்டர் மாட்யூல்களின் மேல் ஒட்டிக்கொண்டது. நம்மூர்க் கடைப் பெண்ணின் பெயர்போல ஒலிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து இந்த மாட்யூல்களுக்குப் பெயர் வந்தது பலருக்குத் தெரியாது.

மாட்யூல் என்பது ரவுட்டரின் பின்பக்கத் துளையில் செருகி, இரண்டு திருகாணிகளால் இறுக்கும் ஓர் அட்டை. பெரும்பாலும் நான்கு அல்லது எட்டு போர்ட். அலுவலகத்துக்குள்ளே ஒரே பிரிவில், அதாவது ஒரே விலானில், இருப்பவர்கள் தமக்குள் பேசுவதை அந்த அட்டையின் சிப்பே முடித்துவிடும். வெளியே போவதும், ஒரு விலானிலிருந்து மற்றொன்றுக்குப் போவதும் மட்டும் ரவுட்டரின் மூளைக்குப் போகும். இந்த எல்லையைக் கவனிக்காதவர்கள்தான் பிறகு ‘நெட் ஸ்லோ’ என்று புலம்புகிறார்கள். சிஸ்கோ 4331 ரவுட்டர் அடிப்படை உரிமத்தில் வினாடிக்கு 100 மெகாபிட், கூடுதல் உரிமம் இருந்தால் 300 மெகாபிட். பதினாறு கெமராக்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்தால் 64 மெகாபிட். கெமராக்களையும் பதிவுப் பெட்டியையும் வெவ்வேறு விலானில் போட்டால் அவ்வளவும் ரவுட்டரின் தலையில்; ஒரே விலானில் போட்டால் ரவுட்டருக்கு அந்தப் பாரமே இல்லை.

தொலைபேசிக்கும் கெமராவுக்கும் அதே கேபிளிலேயே மின்சாரம் கொடுக்கும் மாட்யூல்களும் உண்டு. 2003இன் தரப்படி ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், 2009இன் தரப்படி 30 வாட். எட்டுப் போர்ட்டுக்கும் பழைய தரத்திலேயே முழுதாகக் கொடுத்தால் 123 வாட். மாட்யூலை மட்டும் வாங்கினால் இது நடக்காது. ரவுட்டருக்கு அதற்கான மின்வழங்கியும் வேண்டும். விலைப்பட்டியலில் இது கடைசி வரியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

நுரைச்சோலையில் கற்பிட்டி வீதியோரத்தில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியின் அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் கணினிகள் இரண்டு, அச்சுப்பொறி ஒன்று, தொலைபேசி ஒன்று. வெங்காயமும் பீட்ரூட்டும் லொறியில் ஏறும் கொட்டகை பின்னால், கெமராக்கள் அங்கே. அலுவலகத்துக்கு மாட்யூலே நல்லது: ஒரே பெட்டி, ஒரே வயர், யூபிஎஸ்ஸும் கூடுதல் நேரம் தாங்கும். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்புகளும் குறையும். கொட்டகைக் கெமராக்களின் கேபிளையும் அதே மாட்யூலில் செருகுவதைத்தான் நான் ஒப்பமாட்டேன்.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் இடைப்பருவ மழை இடியோடுதான் வரும். கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருப்பது மணல். காய்ந்த மணலில் எர்த் ஒழுங்காகப் பிடிக்காது. வெளியே ஓடும் செப்புக் கம்பியில் மின்னல் அழுத்தம் ஏறினால், அது போய் முடியும் இடம் மாட்யூல். மாட்யூல் இருக்கும் இடம் ரவுட்டர். தனிச் சுவிட்ச் கருகினால் கெமராதான் போகும். ரவுட்டர் கருகினால் பில்லும் போகும், போனும் போகும். ஆகவே கொட்டகையில் ஒரு சின்னச் சுவிட்ச், அதற்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஃபைபர். செப்புக் கேபிளின் 100 மீட்டர் எல்லையும் அப்போது தொல்லை தராது. சின்ன மாட்யூல்களில் பெரும்பாலும் செப்புப் போர்ட் மட்டுமே இருக்கும். ஃபைபருக்கு ரவுட்டரிலேயே துளை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

பழையதை வாங்குகிறவர்களுக்கு இன்னொன்று. சிஸ்கோவின் 2800 தொடர் ரவுட்டரின் சிறிய மாட்யூல் 2900 தொடரில் ஏறும்; 4000 தொடரில் ஏறாது, அதன் துளையே வேறு. 2900இல் அந்த மாட்யூலை மாற்ற ரவுட்டரை அணைத்தாக வேண்டும், அதற்கு வியாபாரம் ஓய்ந்த நேரந்தான் சரி. அந்தத் தொடருக்கு சிஸ்கோவின் ஆதரவு 2022 டிசம்பரோடு முடிந்துவிட்டது, புதிய பாதுகாப்புத் திருத்தம் வராது. விலை மலிவாக இருக்கிறதே என்று இணையத்தை நேரே அதில் இறக்கினால் வாசற்கதவைத் திறந்துபோட்ட கதை. உள்வலையமைப்பில் மட்டும் பயன்படுத்துவதாக இருந்தால் வாங்கலாம். கடைக்காரரிடம் மாட்யூலின் முழு மாதிரி எண்ணைக் கேட்டு, எந்த ரவுட்டரில் ஏறும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.